ஏழாம் அறையில் கூட நின்றவள்

இது நடந்தது. யாரோ யாரிடமோ சொல்லி, நாலு காது தாண்டி வந்த சமாசாரம் இல்லை. என் நாத்தனாருக்கு நடந்தது. என் சமையலறையில் உட்கார்ந்து, பட்டாணி உரித்துக்கொண்டே, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் அவள் சொன்னது.

நாத்தனாருக்குக் கற்பனை என்பது மருந்துக்குக்கூடக் கிடையாது. திகில் படம் போட்டால் பாதியில் தூங்கி விழுவாள். ஜோக் சொன்னால், "அப்புறம் என்ன ஆச்சு அண்ணி?" என்று கேட்பாள். அப்படிப்பட்டவள் பேய்க்கதை கட்டுவாள் என்றால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் கட்டும். நேரத்தை நிமிஷச் சுத்தமாகச் சொல்வது அவளுடைய வேலைப் பழக்கம். சட்டையில் ஒரு சின்னக் கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்தியிருப்பாள். எதைச் செய்தாலும் அதைப் பார்த்து எழுதிவிட்டுத்தான் மறுவேலை. இதில் வருகிற நேரமெல்லாம் அவள் சொன்னது. நான் ஒரு நிமிஷம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இன்னொன்று. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைக்கிறவர்கள் அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். இதெல்லாம் மத்தியானம் நடந்தது. வெயில் கொளுத்தும் மத்தியானம்.

அவளுக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தில். நினைவு தப்பியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். மாடியில் ஒரு நீளமான நடை, இரண்டு பக்கமும் அறைகள். கீழே மேட்ரனின் அலுவலகம். அதற்கும் கீழே, தரைக்கு அடியில், துணி துவைக்கிற அறை.

ஏழாம் அறையில் இருந்தவரை எல்லோரும் டெலிபோன் அம்மா என்றுதான் சொல்வார்கள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். பெற்ற மகளின் முகம் மறந்துவிட்டது. சாப்பிட்டோமா இல்லையா என்பது மறந்துவிட்டது. வேலை மட்டும் மறக்கவில்லை. யார் உள்ளே போனாலும், "எந்த நம்பர் வேணும்?" என்பார். நாத்தனார் வாய்க்கு வந்த நம்பரைச் சொல்வாள். "லைன் பிஸி. காத்திருங்க." தினமும் பிஸிதான். இந்த வேடிக்கையை ஒருநாள் எங்கள் வீட்டில் சொன்னபோது நாத்தனாரே லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

அந்த இல்லத்தில் ஒரு விதி உண்டு. உடம்பு துடைப்பது, உடை மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது, இதெல்லாம் ஒருத்தர் தனியாகச் செய்யக்கூடாது. இரண்டு பேர் போக வேண்டும். கதவு ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். முடிந்ததும், அறைக்குள்ளே தொங்குகிற நோட்டில் நேரம் போட்டு இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். எப்போதோ யாரோ ஒரு பெரியவரின் விரலை முறித்துவிட்டார்களாம். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாதவர்களுக்காக இன்னொரு ஜோடிக் கண் பக்கத்தில் இருக்கட்டும் என்று வந்த விதி அது. நல்ல விதிதான். மத்தியான ஷிஃப்டில் ஆளே இரண்டு பேர்தான் என்பதை, விதி எழுதிய புண்ணியவான் மறந்துவிட்டார்.

அந்த இரண்டு பேர் நாத்தனாரும் பெரியக்காவும். பெரியக்கா இருபது வருஷம் அங்கே இருந்தவள். வலுவான கை. கெட்டவள் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. நாத்தனார் காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு நாள் அவள் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவள். டெலிபோன் அம்மாவைப் புரட்டித் துடைக்க வேண்டிய நேரம் 2:10. கீழே துணி காயவைக்கிற மெஷின் நிற்பதும் சரியாக இரண்டு மணிக்கு. உடனே எடுத்து மடிக்காவிட்டால் எல்லாம் சுருங்கிப்போகும்.

"நீ கீழ போ. இந்தம்மாவை நான் ஒருத்தியே புரட்டிடுவேன். கையெழுத்து மட்டும் போட்டு வெச்சிடு" என்றாள் பெரியக்கா.

நாத்தனார் போட்டு வைத்தாள். அதுவும் எப்படி? திங்கட்கிழமை காலையிலேயே வெள்ளிக்கிழமை வரைக்கும் சேர்த்து. 2:10, 2:10, 2:10... நேரத்தைக்கூட முன்னாலேயே எழுதி, பக்கத்தில் கையெழுத்து. இன்னும் வராத மத்தியானத்தில், இருக்கப் போகாத அறையில், தான் நின்றதாக.

"தப்புன்னு தோணலையா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தோணல அண்ணி. அந்த வேலையில கொஞ்ச நாள் இருந்தா ஒண்ணுமே தோணாது."

முதல் வாரம், புதன்கிழமை. நேரம் 2:31. நாத்தனார் கீழே படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். படியில் செருப்புச் சத்தம். பெரியக்கா.

"ஏன்டி, சுவத்தோரமா மரம் மாதிரி நின்னுட்டு வந்துட்ட? ஒரு கை குடுத்தா தேஞ்சா போயிடுவ?"

"எங்க நின்னேன்?"

"நல்லா இருக்கு உன் நடிப்பு" என்று சொல்லிவிட்டு, ஒரு அடுக்கு விரிப்பைத் தூக்கிக்கொண்டு பெரியக்கா போய்விட்டாள். நாத்தனார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியக்காவுக்குக் கிண்டல் ஜாஸ்தி.

இரண்டாவது வாரம், செவ்வாய். 2:40. துணி அறையின் தரை சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. நாத்தனார் நடந்தாள். பின்னால் ஏதோ பிசுக்கென்று ஒட்டி ஒட்டி விடுகிற சத்தம்... சக்... சக்... சக். குனிந்து பார்த்தாள். அவளுடைய செருப்பின் அடி ஈரமாக இருந்தது. மோந்து பார்த்தாள். உடம்பு துடைக்கிற தண்ணீரில் ஊற்றும் மருந்தின் வாசனை. அந்த மருந்து மாடியில்தான் இருக்கும். அவள் மாடியிலிருந்து இறங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

செருப்பைத் துடைத்தாள். மீதி விரிப்புகளை மடித்தாள். அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம், வெள்ளி. மாலை 4:00. ஏழாம் அறைக்குப் பால் கொண்டுபோனாள். டெலிபோன் அம்மா நம்பர் கேட்கவில்லை. அவளைப் பார்த்ததும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

"என்னம்மா, இன்னிக்கு நம்பர் கேக்கலையா?"

டெலிபோன் அம்மா சுவரைப் பார்த்தபடியே பேசினார். "நீங்க லைன்லதானே இருக்கீங்க. தினமும் இருக்கீங்க. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறீங்க."

பால் குடிக்கத் தூக்கி உட்காரவைக்கும்போது சட்டைக் கை மேலே ஏறியது. மேல்கையின் உட்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், நாலு விரல் தடம். எதிர்ப்பக்கம் ஒரு கட்டைவிரல். புதுசு சிவப்பாக இருந்தது. பழசு மஞ்சளாகி அதன் கீழே இருந்தது. இந்த வேலையில் இருக்கிற யாருக்கும் அதைப் பார்த்தால் புரியும். நாத்தனாருக்கும் புரிந்தது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள்.

இதைச் சொல்லும்போதும் அவள் கை பட்டாணியை உரித்துக்கொண்டுதான் இருந்தது. எனக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அவளை எனக்குப் பிடிக்கும், அதனால்தான் அப்படி வந்தது. அவள் நிலைமையையும் சொல்ல வேண்டும். புகார் கொடுத்தால், "நீ பக்கத்தில்தானே நின்றாய்? உன் கையெழுத்து இருக்கிறதே?" என்பார்கள். பொய்க் கையெழுத்து என்று ஒப்புக்கொண்டால் வேலை போகும். அந்தத் தொழிலில் வேறு எந்த இடத்துப் படியும் ஏற முடியாது. அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு தொழில்தான். வாயைத் திறந்தால் தன் பிழைப்பு. திறக்காவிட்டால் அந்தம்மாவின் கை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் யோசித்தாள். திங்கட்கிழமை காலை வழக்கம் போல வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டாள்.

நாலாவது வாரம், புதன். 2:35. பெரியக்கா கீழே வந்தாள். உள்ளே வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"இனிமே நீ மேல வராத."

"நான் எங்க வந்தேன்? நான் இங்கதான் இருக்கேன்."

"முதல் நாள் நீ வந்து நின்னப்போ பயந்துட்டேன். போய் மேட்ரன்கிட்ட சொல்லிடுவியோன்னு. நீ ஒண்ணும் சொல்லல. சரி, நம்ம பொண்ணுதான்னு விட்டுட்டேன்." படியைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா... நீ கண்ணே சிமிட்டறதில்லடி."

போய்விட்டாள். நாத்தனார் கையில் பாதி மடித்த விரிப்போடு நின்றாள். மெஷின் ஆறிக்கொண்டிருந்தது. டிக்... டிக்... டிக். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவள் சொல்லவில்லை. அவள் நேரம் பார்க்காத முதல் இடம் அதுதான்.

மறுநாள். வியாழன்.

இரண்டு மணிக்கு மெஷின் நின்றது. அவள் துணியை எடுக்கவில்லை. 2:09 வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு படியேறினாள். இருபத்தாறு படி.

மாடி நடையில் ஆள் நடமாட்டம் இல்லை. சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்திருக்கும் நேரம். ஜன்னல் வழியாக வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. ஏதோ ஒரு அறையில் குறட்டை. மின்விசிறிச் சத்தம். வேறு ஒன்றும் இல்லை.

2:12. ஏழாம் அறை.

கதவு சாத்தியிருந்தது. ஒரு சாண்கூடத் திறந்திருக்கவில்லை. கதவின் நடுவில், முகம் உயரத்துக்கு, ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. நாத்தனார் அதில் பார்த்தாள்.

கட்டில். பெரியக்காவின் முதுகு. பெரியக்காவின் கை உயர்ந்தது.

சப்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அது மெதுவாகத்தான் கேட்டது. டெலிபோன் அம்மாவின் குரலே வரவில்லை.

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மூலை. அங்கே ஒருத்தி நின்றாள்.

அதே நீலச் சீருடை. சட்டையில் தலைகீழாகக் குத்திய கடிகாரம். இடது பக்கம் பல் உடைந்த கருப்புக் கிளிப். அந்தக் கிளிப்பை நாத்தனார் அன்று காலை கண்ணாடி முன்னால் நின்று குத்தியிருந்தாள்.

அது அவள்தான்.

உள்ளே நின்றவள் இவளைப் பார்க்கவில்லை. கட்டிலைத்தான் பார்த்தாள். கோபம் இல்லை. பயம் இல்லை. இரக்கமும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் முகம்.

சப்.

நாத்தனாரின் கை கதவுப்பிடியில் இருந்தது. அழுத்த வேண்டும். அவ்வளவுதான். அழுத்த முடியவில்லை.

உள்ளே ஒருத்தி நின்றாள்.

வெளியே ஒருத்தி நின்றாள்.

சப்.

டெலிபோன் அம்மாவின் தலை இந்தப் பக்கம் திரும்பியது. கண்கள் மூலைக்குப் போயின. பிறகு கதவுக் கண்ணாடிக்கு வந்தன. மறுபடி மூலைக்கு. மறுபடி கண்ணாடிக்கு...

உதடு அசைந்தது.

"ஹலோ?"

நாத்தனார் கதவைத் தள்ளினாள்.

மூலையில் யாரும் இல்லை. அலமாரி. சுவர். தரையில் இரண்டு ஈரச் செருப்புத் தடம். அவ்வளவுதான்.

பெரியக்கா திரும்பிப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள். கையில் இருந்த ஈரத்துணி கீழே விழுந்தது.

"இப்பதானே அங்க நின்ன... நீ எப்படி வெளிய போன?"

நாத்தனார் கட்டிலுக்குப் போய்ப் போர்வையை இழுத்து டெலிபோன் அம்மாவின் தோள் வரைக்கும் மூடினாள். ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்தாள். நேராகக் கீழே மேட்ரன் அறைக்குப் போனாள். 2:24.

"இதுல இருக்கற ரெண்டாவது கையெழுத்து எல்லாம் பொய் மேடம். அந்த நேரத்துல நான் ஒரு நாளும் அந்த ரூம்ல நிக்கல. அதனால அந்தம்மாவை அடிச்சிருக்காங்க."

வேலை போவது நிச்சயம் என்று தெரிந்தேதான் சொன்னாள். அதற்காக அவளைப் பாராட்டியே ஆக வேண்டும்.

மேட்ரன் அன்றே மகளை வரவழைத்தார். டெலிபோன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெரியக்கா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். மறுக்கிற தெம்பு அவளுக்கு இல்லை. அடித்ததை விட்டுவிட்டு, "அவ எப்படி வெளிய போனா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாளாம். அம்மாவை மகள் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே நன்றாக இருக்கிறாராம். மறுபடி நம்பர் கேட்கிறாராம்.

பத்து நாள் கழித்து நாத்தனாரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அதிகாரி நோட்டைத் திறந்தார்.

"அந்த நேரத்துல நீங்க அந்த ரூமுக்குப் போகவே இல்லைன்னு சொல்றீங்க."

"ஆமா சார். கையெழுத்து பொய். அது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கறேன்."

அதிகாரி கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அறைக்குள் கேமரா கிடையாது. மாடி நடையில் உண்டு. முதல் திங்கட்கிழமை, 2:10. பெரியக்கா தண்ணீர்ப் பாத்திரத்தோடு ஏழாம் அறைக்குள் போகிறாள். அவளுக்கு இரண்டடி பின்னால் இன்னொருத்தி போகிறாள். கதவு மூடுகிறது. அதிகாரி அடுத்த நாளைத் தட்டினார். அதே மாதிரி. அதற்கும் அடுத்த நாள். அதே மாதிரி. முகம் தெளிவாகத் தெரிந்தது. கிளிப் தெரிந்தது.

"கையெழுத்து உங்களுது. முகமும் உங்களுது. நாங்க எதைம்மா நம்பறது?"

அவள் சொன்னது சத்தியமான உண்மை. வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு அவள் வேறு எந்த உண்மையையும் சொன்னதில்லை. யாரும் நம்பவில்லை. அந்த நேரத்தில் துணி அறையில் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது. பார்த்த ஒரே ஆள் பெரியக்கா. பெரியக்காவோ, "தினமும் கூட நின்னா" என்று எழுதிக் கொடுத்திருந்தாள். டெலிபோன் அம்மாவிடம் ஆறு பேரின் போட்டோவை வரிசையாக வைத்துக் காட்டினார்களாம். இரண்டை எடுத்தாராம். பெரியக்காவின் படத்தைக் கவிழ்த்து வைத்தாராம். நாத்தனார் படத்தைக் காதில் வைத்துக்கொண்டு, யாராவது பேசுவார்களா என்று வெகுநேரம் கேட்டாராம்.

அடித்தவளுக்கும் வேலை போனது. பார்த்துக்கொண்டு நின்றவளுக்கும் போனது. கடைசி நாள் பதிவை மட்டும் விசாரணையில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அன்றைக்கு நடந்ததைத்தான் இருவருமே ஒப்புக்கொண்டுவிட்டார்களே.

இது நடந்து ஏழு மாசம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை, காலை 11:20. நாத்தனாருக்கு ஒரு போன் வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டாள். அதனால் இதற்கு நானே சாட்சி.

அந்த இல்லத்தில் கேமராக்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். பழைய பதிவுகளை அழிப்பதற்கு முன்னால் ஒரு பிரதி எடுக்கச் சொன்னார்களாம். எடுக்கும்போது முழுசாக ஓட்டிப் பார்த்தானாம்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். அந்த ரூமுக்கு வேற வழி இருக்கா?"

"இல்லையே."

"பெரியக்கா போறாங்க, வராங்க. நீங்க போறீங்க. பத்தொம்பது நாள். பத்தொம்பது தடவை உள்ள போறீங்க." அவன் மூச்சு விடுவது கேட்டது. "ஒரு தடவைகூட வெளிய வரலக்கா. சாயங்காலம் நீங்க பால் கொண்டு வர்ற வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். கடைசி நாள்ல, நீங்க உள்ள போனதுக்கப்புறம் படியேறி இன்னொரு தடவை வர்றீங்க. கதவுகிட்ட நிக்கறீங்க. அது எப்படிக்கா?"

நாத்தனார் கை நின்றது. அன்று அவள் உரித்துக்கொண்டிருந்தது பூண்டு. உள்ளே போனவளைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"கதவுகிட்ட நின்னேனே... எவ்வளவு நேரம் நின்னேன்?"

அரை நிமிஷம்கூட இருக்காது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள். விசாரணையிலும் அப்படித்தான் சொன்னாள்.

"இருங்க பாக்கறேன்... நாலு நிமிஷம் பதினோரு செகண்ட்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? இன்னொண்ணு. அந்த ரூம்ல இப்ப ஒரு பெரியவரைப் போட்டிருக்காங்க. கப்பல்ல சமையல்காரரா இருந்தவராம், அவருக்கும் ஞாபகம் இல்ல. வந்த அன்னிக்கே சிஸ்டர்கிட்ட சொன்னாராம், 'ஏம்மா, இத்தனை பொண்ணுங்க நிக்கிறாங்களே, உக்காரச் சொல்லக்கூடாதா?'ன்னு. சிஸ்டர் சும்மா வேடிக்கைக்கு, எத்தனை பேர் தாத்தான்னு கேட்டிருக்காங்க. அவர் மூலையைப் பாத்து ஒவ்வொருத்தியா விரல் விட்டு எண்ணியிருக்காரு."

எத்தனை என்று நாங்கள் கேட்கவில்லை. நாத்தனார், "சரிப்பா, வெச்சிடறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.